பிடித்துத் தைத்த சட்டைகள்

தையற்காரருக்குத் தன் கண்ணின் மேல் கொள்ளைக் கர்வம். கடைக்குள் ஆள் வந்து உட்காருவதற்குள் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். கழுத்தில் டேப் தொங்குவதெல்லாம் வந்தவர்களின் நிம்மதிக்காகத்தான். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குச் சொந்த மனைவி பருத்துக்கொண்டு போவது தெரியாமல் இருக்குமா?

அவர் மனைவிக்கு வலிப்பு நோய். எத்தனையோ மாத்திரைகளை விழுங்கி அலுத்த பிறகு ஒன்று சரியாக வாய்த்தது. அதை ஆரம்பித்த நாள் முதல் அவள் ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் கூடவே ஒரு பசியும் வந்து ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டுக் கழுவிய கையின் ஈரம் காய்வதற்குள் மறுபடி வயிறு கிள்ளும்.

“மூளையில காபான்னு ஒண்ணு இருக்கும்மா,” என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். “நரம்பெல்லாம் ஒரேயடியா கூச்சல் போடாம அடக்கி வைக்கிறது அதுதான். இந்த மாத்திரை அதைக் கூட்டுது, வலிப்பு அடங்குது. சில பேருக்குப் பசியையும் கிளப்பி விட்டுடும். ஆனா பாருங்க, அதே காபாவைக் கூட்டுற வேற சில மருந்தை எலிக்குக் கொடுத்தா, அது தீனியையே தொடாம உக்காந்திருக்கு. ஏன் இப்படின்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது.”

“அப்ப எனக்கு அந்த எலி மருந்தையே எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்,” என்றாள் மனைவி. கூடப் போயிருந்த தையற்காரரும் சேர்ந்து மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு நீடித்திருக்கலாம். ஒருநாள் அவள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது பக்கத்துப் பட்டன் கடைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “என்னண்ணே, அண்ணிக்குத் தைச்சே கடைத் துணியெல்லாம் தீந்துடும் போலிருக்கே!” என்றார். அவள் சிரித்து மழுப்பினாள். தையற்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. மனுஷனுக்கு எதற்கெல்லாம் வெட்கம் வருகிறது பாருங்கள். பெண்டாட்டி நடுத்தெருவில் நினைவு தப்பி விழாமல், தன் காலால் நடந்து சோறு கொண்டுவருகிறாளே என்று பூரித்துப்போக வேண்டியவர், அவள் இடுப்பை நினைத்துக் கூனிக் குறுகினார்.

வாயால் சொன்னால் அவள் மனசு நோகும். பருத்துவிட்டாய் என்று அவள் சட்டையே சொல்லட்டும் என்று முடிவு செய்தார். இதில் தன்னைப் பெரிய நல்லவராக வேறு நினைத்துக்கொண்டார்.

“உன் சட்டையெல்லாம் குடும்மா. கடையில இஸ்திரி போட்டுக் கொண்டாரேன்.”

“என்னங்க இது, திடீர்னு இவ்வளவு கரிசனம்!” அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு பக்கமும் நகக்கண் அளவு உள்ளே பிடித்துத் தைத்தார். பழைய தையலைச் சுத்தமாகப் பிரித்து, அதே நிற நூல் போட்டு, மேலே சூடாக இஸ்திரி. வேலையில் குறை சொல்ல முடியாது.

“ஏங்க, சட்டை இறுகுதே.”

“அப்படியா? கொஞ்சம் வாயைக் கட்டிப் பாரேன்.”

அவள் வாயைக் கட்டினாள். தட்டில் பாதியை ஒதுக்கினாள். இரவுச் சாப்பாட்டை விட்டாள். தன் தந்திரம் வேலை செய்கிறது என்று குஷியான மனுஷன், அடுத்த இஸ்திரியில் இன்னும் கொஞ்சம் பிடித்தார். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம்.

“பச்சத்தண்ணி குடிச்சாக்கூட ஊதுறேன்,” என்று அவள் கண்ணாடி முன் நின்று அழுதாள். சாப்பாட்டைக் குறைத்தும் உடம்பு ஏறுகிறது என்றால் எல்லாம் அந்த மாத்திரையின் வேலைதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டாள்.

ஒரு காலைப்பொழுதில், வழக்கம்போல் கடையில் ஒத்தாசையாக அவருக்கெதிரே உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவர் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சட்டை நெஞ்சைக் கவ்விக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டனைக் கழற்ற வரவில்லை. கத்தரியை எடுத்துப் பக்கவாட்டில் வெட்டினார். வெட்டிய இடத்தில் தொங்கியது அவர் போட்ட நூல். அதைப் பார்த்த கணத்தில் செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதும், மாத்திரையை நிறுத்தியதை அவள் ஒளிக்காமல் சொன்னாள். “உடம்பு தாறுமாறா ஏறுது டாக்டர்.”

எடை பார்த்தார்கள். டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினாள். “போன தடவையைவிட ரொம்பக் குறைஞ்சிருக்கேம்மா!”

“உங்க மிஷின் தப்பு. ஒரு சட்டை நுழைய மாட்டேங்குது. இவரு தையல்காரரு, இவரு கண்ணு தப்பாது. கேட்டுப் பாருங்க.” கடிபட்டு வீங்கிய நாக்கோடு அவள் குழறிச் சொன்னாள்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். “நெஜமாவே ஏறுதுன்னா மாத்திரையை மாத்தித்தான் ஆகணும். ஆனா உங்க வீட்டம்மா வலிப்புக்குக் கேட்ட மாத்திரை இது ஒண்ணுதான். புதுசு கேக்கலேன்னா மறுபடி விழுவாங்க. நீங்க சொல்லுங்க, ஏறுதா?”

ஒரே ஒரு ‘ஆமாம்’ போதும், மானம் தப்பிவிடும். அவள் நம்பிக்கையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்க,” என்றார். “சட்டையை நான்தான் பிடிச்சேன்.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. “என்ன பிடிச்சீங்க?”

ஒருதரம் சொல்லவே நாக்குக் கூசியது. இப்போது விளக்க வேண்டியதாயிற்று, தையலைப் பிரித்ததையும், உள்ளே தள்ளித் தைத்ததையும், இஸ்திரி போட்டு மறைத்ததையும். மனைவிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. காஜா எடுக்கிறவளுக்குத் தெரியாததா? அவள் முதல் வார்த்தையிலேயே தலையைக் குனிந்துகொண்டாள். தப்புச் செய்தவர் நிமிர்ந்து பேச, அவள் அல்லவா கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றவில்லை.

மறுநாள் அவள் சட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டுவந்து தையல் மிஷின் மேல் போட்டாள். “பிரிச்சுக் குடுங்க.” அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஊசி போன இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. எத்தனை இஸ்திரி போட்டாலும் அந்த வரி போகவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள், மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள், பிரித்த சட்டை ஒன்றை எடுத்து உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தாள்.

சட்டை தொளதொளவென்று தொங்கியது. தோள் ஒரு பக்கம் நழுவி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. தினமும் எதிரே உட்கார்ந்து தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் வற்றிப்போனதை இப்போதுதான் பார்த்தார்.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். “புதுசா ஒண்ணு தைச்சுத் தரேம்மா. அளவு எடுக்கட்டுமா?”

“எதுக்கு?” என்றாள் அவள். “உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே.”