முப்பத்தேழாம் கேள்வியில் குடியிருப்பவர்

கோதண்டம் முப்பத்தேழாம் கேள்வியில் குடியிருந்தார். சின்னக் கேள்விதான். காற்றோட்டம் சுமார்.

கூற்று ஒன்று: அலுவலகத்தில் வேலை பார்க்கும் எல்லோரும் கண்ணாடி அணிபவர்கள். கூற்று இரண்டு: கோதண்டம் கண்ணாடி அணிபவர். முடிவு: கோதண்டம் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். இந்த முடிவு சரியா, தவறா, சொல்ல முடியாதா?

வருடத்துக்கு ஒரு முறை போட்டித் தேர்வு நடக்கும். எழுத வருகிறவர்கள் மூன்று வட்டங்களில் ஒன்றைக் கறுப்பாக்குவார்கள். இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் மூன்றாவதையே கறுப்பாக்கினார்கள். ஒரே ஒருவர் 'சரி' என்று போட்டிருந்தால்கூட அலுவலகக் கதவு திறந்திருக்கும். கைதவறிக்கூட ஒருவரும் போடவில்லை. அப்படிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், பாவிகள்.

அதனால் தினமும் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு கோதண்டம் அலுவலக வாசலில் போய் நிற்பார். வாட்ச்மேன் துரைக்கண்ணு எழுந்து வணக்கம் வைப்பார். கதவைத் திறக்கமாட்டார்.

"உள்ள விடுங்களேன் துரைக்கண்ணு."

"நீங்க இங்க வேலை பாக்குறீங்கன்னு சொல்ல முடியாது சார்."

"அப்ப வீட்டுக்குப் போகட்டுமா?"

"பாக்கலைன்னும் சொல்ல முடியாதே. லீவு லெட்டர் இல்லாம எப்படிப் போவீங்க?"

நியாயம்தானே. மாலை ஐந்தே முக்கால் வரை கோதண்டம் நிற்பார். நின்றபடியே சாப்பிடுவார். நடுவில் இரண்டு தடவை பதவி உயர்வு வந்தது. வந்ததா என்று சொல்ல முடியாது.

அவருக்கு மனைவி உண்டென்று கேள்வியில் எங்கும் இல்லை. கிடையாது என்றும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் புனிதவதி இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டாள். பொல்லாத கெட்டிக்காரி அவள்.

இந்த வருடம் கோதண்டத்துக்கு முழங்கால் விட்டுப்போனது. தேர்வு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "யார் கையையாவது பிடிச்சுக் கெஞ்சி 'சரி'ன்னு போடச் சொல்லிட்டு வரேன்" என்றார்.

புனிதவதி சாம்பார் கிண்டுவதை நிறுத்தினாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

முப்பத்தாறாம் கேள்வியில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துகொண்டிருந்தன. கோதண்டத்துக்காக இரண்டும் நின்று வழிவிட்டன. முப்பத்தைந்தில் எட்டுப் பேர் வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்து, யாருக்கு இடப்புறம் யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே வாய் கொடுக்கவில்லை. அதைத் தாண்டினால் தேர்வறை.

கண்காணிப்பாளர் மறித்தார். "ஹால் டிக்கெட்?"

"நான் கேள்வி சார்."

"அதை முதல்லயே சொல்றதில்லையா? போய் உக்காருங்க."

மூன்றாவது வரிசையில் வினோதினி என்ற பெண் முப்பத்தேழாம் கேள்விக்கு வந்திருந்தாள். கோதண்டம் அவள் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

"ஏம்மா, 'சரி'ன்னு போட்டுடும்மா. நான் கண்ணாடி போட்டிருக்கேன், பாரு. இருபத்திரண்டு வருஷமா தூங்கும்போதுகூடக் கழட்டினதில்ல."

வினோதினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரக்கப்படுகிறவள்தான், ஆனால் படித்தவள்.

"அங்க வேலை பாக்குற எல்லாரும் கண்ணாடி போடுவாங்க சார். அதுக்காகக் கண்ணாடி போட்டவங்க எல்லாரும் அங்க வேலை பாக்குறதா ஆயிடுமா? எங்க தெரு பூக்காரம்மாகூடத்தான் போட்டிருக்காங்க."

"அப்ப நான் அங்க வேலை பாக்கலையா?"

"அதையும் சொல்ல முடியாது."

"ஒரு தடவை தப்பாப் போடேன். உனக்கு ஒரு மார்க்தானே போகும்?"

"இது எனக்கு ஏழாவது தடவை சார். ஆறு தடவையும் வெயிட்டிங் லிஸ்ட். ஒரு மார்க்ல நிக்குது." அவள் குரல் இறங்கிவிட்டது. "உனக்குக் கிடையாது, போடின்னு முதல் வருஷமே சொல்லியிருந்தா இந்நேரம் தையல் கடை வச்சிருப்பேன். அதைக்கூடச் சொல்லமாட்டேங்கறாங்க."

கோதண்டம் வினாத்தாளைத் தன் பக்கம் திருப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கேள்வியை வெளியிலிருந்து படித்தார். இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"நான் கண்ணாடி போடாதவனா இருந்தா?"

வினோதினி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பச் சொல்லலாம். எல்லாரும் போடுற இடத்துல போடாத ஆள் இருக்க முடியாது. நீங்க அங்க வேலை பாக்கலைன்னு உறுதியாச் சொல்லலாம்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "வேணாம் சார். நல்லா யோசிச்சுக்குங்க."

கோதண்டம் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பதவி உயர்வும் போய்விடும். இருந்தாலும் முழங்கால் வலித்தது. கண்ணாடியைக் கழற்றி அவள் மேசையில் வைத்தார். மூக்கின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது.

வினாத்தாளில் இரண்டாம் கூற்று மெல்ல நகர்ந்து 'கண்ணாடி அணியாதவர்' என்று ஆனது. வினோதினி 'தவறு' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினாள். ஓரம்கூட விடாமல் மரியாதையாகக் கறுப்பாக்கினாள்.

திரும்பும் வழியில் அலுவலக வாசல் வந்தது. துரைக்கண்ணு எழுந்திருக்கவில்லை. "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"யாரையும் இல்ல" என்றார் கோதண்டம். பாதை மசமசவென்று தெரிந்தது. சுவரைத் தடவித் தடவி வீட்டுக்கு வந்தார்.

புனிதவதி அவர் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

"கழட்டினா முடிஞ்சுபோயிருக்கும் புனிதா. இத்தனை வருஷமும் எனக்குத் தெரியல பாரு."

"எனக்குக் கல்யாணமான மறு வாரமே தெரியும்" என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்றது. "அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுநாள் காலையில எங்க போயிருப்பீங்க?"

அவர் யோசித்தார். சாம்பார் ஆறியது.

மறுநாள் பத்து மணிக்குக் கோதண்டம் வீட்டில் இருந்தார். தரையில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. குனிந்து தொட்டார். கதகதப்பாக இருந்தது.

"நம்ம வீட்டுக்குள்ள வெயில் வருமா என்ன?"

"தினம் பத்து மணிக்கு வரும்" என்றாள் புனிதவதி. தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள்.