அவிழ்க்கக் கூடாத மூட்டை

"பத்து வருஷம் வீட்டுல உக்காந்துட்டு வந்தா இப்படித்தான்." காலையில் குழுத்தலைவன் இதைச் சொன்னபோது கூட்ட அறையில் அக்காவையும் சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள். அவர் யாருக்கும் அக்கா இல்லை. பிள்ளைகளை வளர்த்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவர், எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய வேலையை நிரந்தரமாக்குவதா என்று மேலாளர் அன்று மாலை முடிவெடுக்க இருந்தார்.

அவர்கள் எழுதிக் கொடுத்த மென்பொருளை வைத்து ஓடும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளில் ஒட்டும் சீட்டுகள் அச்சாகவில்லை. வெறும் வயிற்றோடு வந்த நாற்பது பேர் அங்கே சத்தம் போட, கூடத்துக்காரர் தொலைபேசியில் காய்ச்சி எடுத்துவிட்டார். வாங்கிய சூட்டைக் குழுத்தலைவன் அப்படியே அக்கா தலையில் கொட்டினான். அந்தப் பகுதியை எழுதியது அவர்தானே.

மதியம், மேலாளர் கேட்ட விளக்கக் கடிதத்தில் 'பொறுப்பு' என்ற கட்டத்தில் அக்காவின் பெயரை முதலில் போட்டான். அப்புறம்தான் 'காரணம்' எழுதுவதற்காக நிரலைத் திறந்தான் அந்த மகராசன்.

எந்த வகைச் சீட்டு என்பது ஓடும்போதுதான் தெரியும். ஜாவா கணினி மொழியில் இதற்கென்று உள்ள வசதியான ரிஃப்ளெக்‌ஷன், பெயரை வைத்து அந்தச் சீட்டின் வகுப்பை, அதாவது அதன் வார்ப்பைத் தேடி, சீட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும். ஒருவருக்கு இரண்டு பரிசோதனை, இன்னொருவருக்கு ஒன்பது. எத்தனை என்றாலும் கன்ஸ்ட்ரக்டர் அவற்றின் பெயர்களை ஒரே மூட்டையாக வாங்கிக்கொள்ளும். ஆனால் நடுவில் நின்று அழைக்கிற கட்டளையும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கும் ரகம். சும்மா கொடுத்தால் மூட்டையை வாசலிலேயே அவிழ்த்து ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பிவிடும், எல்லாம் படுத்துக்கொள்ளும். 'இது ஒரே பொருள்' என்று சொல்ல முன்னால் ஒற்றை வார்த்தை வேண்டும்.

வார்த்தை இருந்தது. இன்று பதினோரு மணிக்கு அக்கா சேர்த்திருந்தார். நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகளைப் புரட்டினான். முதன்முதலில் எழுதியபோதே அது இருந்திருக்கிறது, மேலே ஒரு குறிப்போடு: 'பிரிக்காமல் கொடுக்க வேண்டும். இதை எடுத்துவிடாதீர்கள்.' நேற்று சாயங்காலம் நாலு இருபதுக்கு இரண்டும் நீக்கப்பட்டிருந்தன. 'தேவையில்லாத குப்பை' என்று காரணம். பக்கத்தில் அவன் பெயர்.

மறந்தே போயிருந்தான். ஒரு வார்த்தைதானே என்று ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ பின்னால் நடந்துபோக, சட்டென்று திரையை மூடினான். மூடிய பிறகுதான் அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. காது மடல் சுட்டது.

அக்காவின் மேசைக்குப் போனான். "பழைய பதிவைப் பாத்தீங்களாக்கா?"

"அதைப் பாக்காம எப்படிச் சரி பண்றது தம்பி?"

"அப்பவே ஏன் சொல்லல?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க எப்பப் பாப்பீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

கடிதத்தில் ஒரு பெயரை அழித்து இன்னொன்றைப் போடுவது அரை நிமிட வேலை. போட்டான். நெஞ்சு லேசாகவில்லை. ஏழு பேர் முன்னால் சொன்னது கடிதத்தில் இல்லையே.

"எல்லாரும் அஞ்சு நிமிஷம் கூட்ட அறைக்கு வாங்க," என்றான்.

அவன்தான் முதலில் உள்ளே போனான். நாற்காலிகள் காலையில் எழுந்துபோனபடியே கோணல்மாணலாகக் கிடந்தன. அக்கா உட்கார்ந்திருந்த ஒன்று மட்டும் மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தது. அதற்கு எதிரில் உட்காராமல் நின்றான். வெளியே காலடிச் சத்தம் நெருங்கியது.