கொக்கு சார் இல்லாத இருக்கை

பல் டாக்டர் அன்று விமானப் பயிற்சிக் கிளப்புக்குப் போனது பறப்பதற்காக அல்ல, விட்டுவிடுகிறேன் என்று சொல்வதற்காக.

கணவர் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு, சாயங்காலம் கிளினிக்கை மூடினால் வீட்டில் பேச ஒரு ஜீவன் கிடையாது. அந்த வெறுமை தாங்காமல்தான் ஏதோ ஒரு வேகத்தில் பயிற்சியில் சேர்ந்தார். "இந்த வயசுல இதென்ன கூத்துடி?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டே பேர் உட்காரும் சின்ன விமானம். தோளோடு தோள் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரை, நீண்ட கழுத்துக்காக எல்லோரும் கொக்கு சார் என்றார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

மேலே ஏறுவது டாக்டருக்கு வந்துவிட்டது. இறங்குவதுதான் வரவில்லை. ஓடுபாதை இன்னும் ஆளுயரம் கீழே இருக்கும்போதே பயத்தில் விமானத்தின் மூக்கைத் தூக்கிவிடுவார். வேகம் செத்துப்போய், விமானம் தொப்பென்று விழும். "முதுகெலும்புக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும்போல இருக்கே டாக்டர்" என்பார் கொக்கு சார். ஹெட்செட்டில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை டாக்டருக்கு உலகத்தில் வேறு எதுவும் ஞாபகம் வராது.

வானத்தில் இத்தனை வருஷம் ஒரு கீறல் படாத மனுஷனை, கிளப் வாசலிலேயே ஒரு லாரி அடித்துப் போட்டது.

அதன்பிறகு புதுப் பயிற்சியாளரோடு சில முறை பறந்து பார்த்தார். நல்லவர்தான், அளந்து பேசுபவர். ஆனால் பக்கத்து இருக்கையில் வேறொரு தோள் உரசும்போதெல்லாம் டாக்டருக்குக் கை கால் ஓடவில்லை. தரை நெருங்கும்போது, விழுந்தால் விழட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவரையே நடுங்க வைத்தது. நோயாளி வாயைத் திறந்து காத்திருக்க, கையில் கருவியோடு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார் ஒருநாள். பறப்பதற்கே ஒரு முழுக்குப் போடலாம் என்று முடிவு செய்தது அன்றுதான்.

கிளப்பில் அலுவலக அறை பூட்டியிருந்தது. பக்கத்து அறையில் கொக்கு சாரின் மனைவி அவருடைய அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். துக்கத்துக்குப் போனபோது பார்த்ததுதான்.

"நீங்க பல் டாக்டர்தானே? வீட்டுல உங்களைப் பத்தி ஒரே புலம்பல். இவ்வளவு மோசமா இறக்குற ஆளை என் வாழ்நாள்ல பாத்ததில்லன்னு."

டாக்டர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"அப்புறம் என்ன சொல்வார் டீச்சர்?"

"அப்புறம் என்ன, சாப்பாடு போடும்பார்."

டீச்சர் ஒரு ஜோடி பழைய ஷூவைப் பையில் வைக்கப் பார்த்தார். அது உள்ளே போகவில்லை. திருப்பி வைத்தார், சாய்த்து வைத்தார், கடைசியில் அதை மடியில் போட்டுக்கொண்டு உடைந்து அழுதார். டாக்டர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு தடவைகூட அவர்கூட ஏறலை டாக்டர். எனக்குப் பஸ்ல போனாலே தலை சுத்தும். வா வான்னு கெஞ்சுவார். அடுத்த வருஷம் பாக்கலாம்னே ஓட்டிட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஐயோ, எனக்கு லைசென்ஸே இன்னும் வரலை டீச்சர். ஆளை ஏத்தக் கூடாது. அதோட நான் இன்னிக்கு..."

விட்டுவிடுகிறேன் என்ற சொல் வாய்வரை வந்தது. டீச்சர் ஏறிட்டுப் பார்த்தார். அந்தக் கண்களைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"புதுசா வந்திருக்கவர் கூட்டிட்டுப் போவாரே. கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். அவருக்கு இவரைத் தெரியாது. மேல போய் நான் அழுதா எதுக்குன்னு கேப்பார். நீங்க கேக்க மாட்டீங்க. லைசென்ஸ் எடுங்க, மெதுவா எடுங்க. எனக்கென்ன அவசரம், வீட்டுல யார் காத்துட்டிருக்கா?"

அடுத்த பயிற்சிக்கு டாக்டர் போனார். உற்சாகம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பக்கத்து இருக்கையைப் பார்க்காமலே பெல்ட்டை மாட்டினார். முதல் தடவை இறக்கியபோது விமானம் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்தது. அடுத்த தடவையும் அதே கதிதான். பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னிக்குப் போதும் மேடம்" என்றார்.

"இல்லை சார். இன்னொண்ணு."

மறுபடி ஏறினார்கள். கீழே கிளப்பின் தகரக் கூரையும், வாசலும், அந்தச் சாலையும் தெரிந்தன. டாக்டர் அழுதுகொண்டேதான் திருப்பினார். விழுந்தால் விழட்டும் என்ற நினைப்பு இந்த முறையும் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, தலை சுற்றி, ஒரு டீச்சர் உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பார்த்தார். கை கொஞ்சம் நிதானப்பட்டது. அந்த இறக்கமும் மோசம்தான். சக்கரம் அலறியது, உடம்பு குலுங்கியது. முன்னிரண்டைவிடத் தேவலை என்று மட்டும் சொல்லலாம்.

வீடு இருட்டாக, அப்படியேதான் இருந்தது. செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்து, கிளப்புக்குப் போன் போட்டு, வர்ற ஞாயிறு காலையில் பயிற்சிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார்.