லாஸ்டனுக்கு வைத்த சோறு

சிம்பலாங்காவில் யாரும் சாவைப் பதிவு செய்வதில்லை. அதனால் கணக்கெடுக்க வந்த தியாமிகே வீடு வீடாக ஏறி, பெரியவர்களிடம் கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டாள். எத்தனை பேர், யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள். சின்ன மலைச்சரிவு ஊர் அது. ஒரு சாவு கூடினாலும் குறைந்தாலும் கணக்கு சாய்ந்துவிடும்.

பாதை பிரிந்த இடத்தில் மக்காச்சோளம் கொத்திக்கொண்டிருந்தவனிடம் எனெலெஸ் வீட்டுக்கு வழி கேட்டாள். கைநீட்டிக் காட்டினான்.

"உங்க பேரு என்னண்ணே?"

அவன் தயங்கினான். "லாஸ்டன். என் பேரை யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு."

எனெலெஸ் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். "இந்த வெயில்ல ஊர் சுத்துறியே, உன்னை யாருடி கட்டிக்குவான்?" என்று சிரித்தாள்.

"உங்க அம்மா வயித்துல பொறந்தவங்க எல்லாரையும் சொல்லுங்கக்கா."

"எனக்கு மேல ஒரே ஒரு அண்ணன், லாஸ்டன். பொழைக்கப் போன தூரதேசத்துப் பட்டணம் ஜோனியில செத்துட்டான். ஆணி அடிச்ச பெட்டியில வந்தான். தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்படியே பொதைச்சோம்."

"அக்கா, வழியில ஒருத்தர்..."

உலக்கை நின்றது. "நீ யாரையும் பார்க்கல."

மறுபடி இடிக்கத் தொடங்கினாள். வேலை முடிந்ததும் சோள மாவில் ந்சிமாக் களி கிண்டி, பொரித்த மீனோடு தட்டில் வைத்து மூடி, இடுகாட்டுத் தோப்புப் பக்கம் நடந்தாள். தியாமிகேயும் பின்னால் போனாள்.

"செத்தவருக்குச் சோறாக்கா?"

"அவன் பசி தாங்கமாட்டான்."

வெட்டவே படாத மரங்கள். உள்ளே உச்சி வெயில்கூட மங்கலாகத்தான் விழுந்தது. எனெலெஸ் ஒரு மேட்டின் தலைமாட்டில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். மரத்துக்குப் பின்னாலிருந்து, வழி காட்டிய அந்த மனிதன் வந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான். தியாமிகே ஒரு அடி பின்வாங்கினாள்.

"பயப்படாதே தாயி. கையைத் தொட்டுப் பாரு, சூடாத்தான் இருக்கு."

"அப்ப உள்ளே இருக்கறது யாரு?"

"ஸகேயோ. ஜோனியில எனக்குப் பக்கத்துப் பாயில படுத்தவன். காகிதம் இல்லாத பய. வேலைக்காக என்னோடதைக் குடுத்தேன். கட்டடச் சாரத்துலேருந்து விழுந்து செத்துட்டான். பையில இருந்த காகிதத்துல என் பேருதான் இருந்துச்சு."

"நீங்க திரும்பி வந்தப்ப சொல்லலையா?"

"சொன்னேன். எல்லாரும் அழுது முடிச்சிருந்தாங்க. 'நீ உயிரோடன்னா யாரோ ஒருத்தனை உன் பேருல பொதைச்சிருக்கோம். அவன் எந்திரிச்சுத் தன் பேரைக் கேப்பான்'னு நடுங்கினாங்க. சரி, நானே செத்தவனா இருந்துக்கறேன்னேன்."

அவனும் பெரியவன்தானே என்று தியாமிகே அதே கேள்வியை அவனிடமும் கேட்டாள்.

"தங்கச்சி ஒருத்தி, இருக்கா. அண்ணன் ஒருத்தன், செத்துட்டான்."

"அண்ணன் பேரு?"

"லாஸ்டன்."

அவன் சிரிக்கவில்லை. தட்டை வழித்துவிட்டு, "ஸகேயோவோட அம்மா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. வேலி வரைக்கும் போனேன், வாய் வரல," என்றான்.

மறுநாள் தியாமிகே ஆற்றைக் கடந்தாள். கிழவி முற்றத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டபின் காய்ந்த தோலை ஊதித் தள்ளினாள்.

"தெரியும்டி. மழைக்கு முந்தி ஒருத்தன் வேலிக்கு வெளியே நின்னான். என் மகன் சட்டையைப் போட்டிருந்தான். தோள்ல நான் போட்ட தையல்."

"கேக்கலையாம்மா?"

"கேட்டா பதில் சொல்லிருப்பானே." அடுத்த காயை எடுத்தாள். "அவனை வரச் சொல்லு. உள்ளே வரச் சொல்லு."

தியாமிகே போய்ச் சொன்னாள். லாஸ்டன் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டான்.

அறுவடைக்குப் பிறகு விட்டுப்போன வீடுகளைப் பார்க்க அவள் மீண்டும் அந்தக் கரைக்கு வந்தாள். கிழவியின் வேலிக்குள் ஒருவன் குனிந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான்.

"ஸகேயோ! கை கழுவிட்டு வாடா!" என்று கிழவி கூப்பிட்டாள்.

"வரேன்மா," என்றான் லாஸ்டன்.