ஆஸ்பத்திரி முடிச்சு

புதன்கிழமை சாயந்திரம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது தையலக்காவின் விரல் ஒரு பட்டனில் நின்றுவிட்டது. கணவரின் நீலச் சட்டை, மேலிருந்து மூன்றாவது பட்டன். அது அவள் தைத்தது இல்லை.

இருபத்தாறு வருஷமாகத் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவள். தெருவே அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். பட்டனுக்கு அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி, துணிக்குப் பின்னால் கொண்டுபோய் முடித்து, ஒட்ட நறுக்குவது அவள் வழக்கம். தடவிப் பார்த்தால் முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இந்தப் பட்டனிலோ ஊசி ஒரு முறை போய் வந்ததும் ஒரு முடிச்சு, மறுபடி போய் வந்ததும் இன்னொரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு நூல் நுனிகள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அந்த மீசையை அவளுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, தொடாதே தொடாதே என்று சொன்னதைக் கேட்காமல் கட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தன் வயிற்றுத் தையலைத் தடவிப் பார்த்திருக்கிறாள். தொழில் புத்தி எங்கே போகும். அதே முடிச்சு, அதே மீசை.

கணவர் வேலை பார்ப்பது அந்த ஆஸ்பத்திரியில்தான், ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளராக. யாராவது கேட்டால் 'தியேட்டர்ல இருக்கேன்' என்பார். விஷயம் தெரியாதவர்கள் என்ன படம் ஓடுகிறது என்று விசாரிப்பார்கள். மனுஷர் வீட்டில் ஊசியைத் தொட்டதே கிடையாது. அப்படியானால் பட்டனைத் தைத்தது ஒரு நர்ஸ். பட்டன் தைக்க வேண்டுமென்றால் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் அவர் நெஞ்சுக்கு நேராக முகத்தை வைத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்திருக்க வேண்டும். இரண்டில் எது மோசம் என்று தையலக்காவால் அன்று இரவு முழுக்க முடிவு செய்ய முடியவில்லை.

ஒன்று பிடிபட்டதும் மற்றவை தானாக வந்து வரிசையில் நின்றன. ஒரு வருஷமாக அவர் அரை மணி நேரம் முன்னதாகவே வேலைக்குக் கிளம்புகிறார். முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வந்து துணியை வாங்கிப் போவார்கள். இப்போது, 'நீ எதுக்கு வாசலுக்கும் மெஷினுக்கும் அலையுற, போற வழிதானே, நானே குடுத்துடுறேன்' என்று பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷருக்கு இவ்வளவு அக்கறை எங்கிருந்து முளைத்தது?

கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அவளுக்குப் பயமாக இருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. சாயந்திரமானால் அவள் மடிப்புத் தைப்பாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுவார், இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள். அது இல்லாமல் ஒரு சாயந்திரத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை அவராகவே வாயைத் திறந்தார்.

"நாளைக்கு அருவிக்குப் போலாமா? எங்க தியேட்டர் ஆளுங்க வேன் பிடிச்சிருக்காங்க."

"அருவிக்கா? என்ன திடீர்னு?"

"மழை பெஞ்சாதான் அதுல தண்ணி. இப்ப விட்டா அடுத்த வருஷம்தான். நாமளும் எங்கதான் போயிருக்கோம்."

எங்கேயும் போனதில்லை என்பது உண்மைதான். அதனால்தான் அவளுக்குச் சந்தேகம் வலுத்தது. ஆனாலும் வருகிறேன் என்றாள். அந்த நர்ஸ் யாரென்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் பத்துப் பேர் இருந்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முன் சீட்டில் உட்கார்ந்த கையோடு தூங்கிப்போனார். நர்சுகள் மூன்று பேர். இரண்டு பேர் ஓய்வு பெறும் வயதை எட்டிப் பார்ப்பவர்கள், அவர்களை மனசுக்குள்ளேயே விடுதலை செய்துவிட்டாள். மூன்றாவது ஆளை எல்லோரும் சிஸ்டர் என்று மட்டும் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயசு இருக்கும், நின்றால் சிரிப்பு, உட்கார்ந்தால் சிரிப்பு. போட்டிருந்த, முழங்கால் வரை வரும் பச்சைச் சட்டை போன மாதம் தையலக்கா தைத்துக் கொடுத்தது. என் கையால் தைத்ததை மாட்டிக்கொண்டு என் குடும்பத்துக்கே வேட்டு வைக்கிறாயா என்று அவளுக்குள் ஏதோ கொதித்தது.

"அக்கா, ஜன்னல் பக்கம் வாங்க, காத்து வரும்" என்றாள் சிஸ்டர்.

"வேணாம், எனக்கு இங்கயே எல்லாம் தெரியுது" என்றாள் தையலக்கா.

வழியில் ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினார்கள். தையலக்கா கை கழுவப் போய்த் திரும்பும்போது வேனின் மறுபக்கத்தில் இரண்டு குரல்கள் கேட்டன.

"இன்னும் சொல்லலையா அண்ணே?" இது சிஸ்டர்.

"இல்ல. இன்னைக்கு அருவிகிட்ட வச்சு சொல்லிடலாம்னு இருக்கேன்." இது கணவர்.

"எத்தனை நாளைக்குத்தான் மறைப்பீங்க? அக்கா பாவம்."

தையலக்கா வேனின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணே என்ற சொல்லை எத்தனை பேர் திரைச்சீலையாகத் தொங்கவிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அருவிக்கு ஏன் கூட்டிப் போகிறார் என்பதும் விளங்கிவிட்டது. வீட்டில் சொன்னால் சத்தம் போடுவாள், அருவி இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. அழுதாலும் அருவித் தண்ணீர் என்று நினைத்துக்கொள்வார்கள். நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்.

வேன் கிளம்பியதும் அவள் சும்மா இருக்க முடியாமல், தான் ஒன்றும் இளப்பமானவள் இல்லை என்று எல்லோருக்கும் காட்டுவதற்காகப் பேச்சை ஆரம்பித்தாள்.

"நம்ம கைவேலையப் பத்தி நாமளே சொல்லக் கூடாது. ஆனா ஒரு வருஷமா நான் தைச்ச துணில ஒரு பட்டன் கழண்டுச்சுன்னு ஒருத்தரும் வந்து நின்னது கிடையாது."

சிஸ்டர் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். கணவர் தன் செருப்பைப் பார்த்தார். பெரிய நர்ஸ் ஒருவர் மட்டும், "உங்க வேலைக்கு என்னம்மா குறை" என்று இழுத்தார். ஆக, வேன் முழுக்க விஷயம் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

அருவிக்கு நூற்றி இருபது படி இறங்க வேண்டும் என்று யாரோ பலகையைப் படித்துச் சொன்னார்கள். படியெல்லாம் பாசி. கணவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "படி... இன்னொரு படி... இங்க கொஞ்சம் உடைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். குற்றம் செய்த மனசு குழைகிறது என்று நினைத்துக்கொண்டாள். கையை உதறத் தோன்றியது. ஆனால் உதறவில்லை, படிகள் வழுக்கின.

கீழே இறங்கியதும், பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால்தான் கேட்கும் என்ற அளவுக்கு இரைச்சல். மண்வாசனையும் ஈர இலை வாசனையும் கலந்து அடித்தது. சாரல் முகத்தில் வந்து ஒட்டியது. ஆண்கள் குளிக்க ஒரு பக்கம், பெண்கள் குளிக்க ஒரு பக்கம், நடுவே இரும்புக் கம்பி. காவலாளி ஒருவர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

"நீ குளிக்கலையா?" என்று கேட்டார் கணவர்.

"நான் பாக்க வந்தேன்."

"சரி, நான் ஒரு முழுக்குப் போட்டுட்டு வரேன். அப்புறம் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, சொல்லுங்க. அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தீங்க" என்றாள். அவருக்கு அது இரைச்சலில் கேட்கவில்லை.

பெண்கள் உடை மாற்றத் தகரத்தால் ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். சிஸ்டர் அங்கே பழைய உடுப்புக்கு மாறிக்கொண்டு, பச்சைச் சட்டையைச் சுருட்டித் தையலக்காவின் கையில் கொடுத்தாள். "ஆணில மாட்டுனா துருக் கறை ஆயிடும்க்கா, கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்றபடி தண்ணீரைப் பார்க்க ஓடினாள்.

கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு. தையலக்காவுக்கு அது தேவையும் இல்லை. சட்டையை விரித்து முதல் பட்டனில் விரலை வைத்தாள். மீசை. இரண்டாவதில் மீசை. ஆறு பட்டன், ஆறிலும் அதே ஆஸ்பத்திரி முடிச்சு. அவள் தைத்ததைப் பிரித்துவிட்டு இந்தப் பெண் தன் கையால் மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் சட்டையைத் தைத்த அதே கை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நாலு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இப்போது கையில் வந்துவிட்டது, எறிய வேண்டியதுதான் பாக்கி.

சிஸ்டர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள். பல் தந்தியடித்தாலும் சிரிப்புக் குறையவில்லை.

"இந்தப் பட்டனை யாரு தைச்சது?" என்று கேட்டாள் தையலக்கா.

"என்னக்கா கேக்குறீங்க, நீங்கதானே."

"என் தையல் எனக்குத் தெரியாதா? இது ஆஸ்பத்திரிக் கை. அவர் நீலச் சட்டைலயும் இதே கைதான். என்னை என்ன கேனச்சின்னு நினைச்சியா?"

சிஸ்டரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தகரச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"ஐயோ அக்கா. நீங்க அப்படியா நினைச்சீங்க? எனக்குப் பட்டன் தைக்கவே வராது. அது அண்ணன் தைச்சது."

"அவருக்கு ஊசில நூல் கோக்கத் தெரியாது."

"இருபது வருஷமா டாக்டர் பக்கத்துல நின்னு, போடுற முடிச்சுக்கெல்லாம் நூல் வெட்டி விடுறவருக்கா தெரியாது? பாத்துப் பாத்தே கத்துக்கிட்டாரு. தினமும் அரை மணி முன்னாடி வருவாரு. கருவி கழுவுற ரூம்ல உங்க பையப் பிரிச்சு வச்சு, ஒவ்வொரு பட்டனா இழுத்துப் பாப்பாரு. லூசா இருக்கறதை எல்லாம் திரும்பத் தைப்பாரு."

"ஏன் லூசா இருக்கு?"

சிஸ்டர் ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"சில பட்டன்ல ஊசி துளைலயே போகலக்கா. சிலதுல துணியப் பிடிக்கவே இல்ல. போன மழைக்கு முன்னாடி எங்க பெரிய சிஸ்டரோட சட்டை முன்பக்கம் ரெண்டு பட்டன் வார்டுல வச்சே விழுந்துடுச்சு. அவங்க உங்ககிட்டச் சொல்லத்தான் கிளம்புனாங்க. அண்ணன்தான், வேணாம், அவ தாங்கமாட்டா, இனிமே நான் பாத்துக்கறேன்னுட்டாரு."

தையலக்கா பச்சைச் சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவமானமாக இருந்தது. நாலு நாள் பொறாமையில் வெந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இன்னொரு பெண் இருந்திருந்தால் தேவலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவளிடம் சண்டை போடலாம், நாலு கேள்வி கேட்கலாம், ஊரைக் கூட்டலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வேனில் தான் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்து காது சுட்டது. அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் அவர் தைத்த பட்டனைப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டார்கள்? மெஷினில் தையல் நேராகப் போய்விடுகிறது, அதற்குக் கை பழகியிருக்கிறது. பட்டன் கைவேலை, சின்ன வேலை, கண் வேண்டும்.

சட்டையைச் சிஸ்டரிடம் நீட்டினாள். "தப்பா நினைச்சுட்டேம்மா" என்றாள்.

"பரவால்லக்கா. ஆனா என்னைப் போய் அண்ணனோட சேத்து நினைச்சீங்களே, அவரு மூக்கு உறிஞ்சுற சத்தத்துக்கே நாங்க பக்கத்து ரூமுக்கு ஓடிடுவோம்."

தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு கம்பியோரம் காத்திருந்தார். பேச வேண்டியதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்தவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்கக் கூடாது. நான் ஒண்ணு சொல்லப்போறேன்."

"சிஸ்டர் சொல்லிட்டா."

அவர் துண்டைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. "உன்னை ஏமாத்தணும்னு இல்லம்மா" என்றார். "உன் வேலைய யாரும் குறை சொல்லிடக் கூடாதுன்னுதான். வர செவ்வாய்க்கிழமை கண் டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். என்னால தினமும் தைக்க முடியும், அதுக்காகச் சொல்லல. நேத்து நீ எரியுற அடுப்புப் பக்கத்துல கையால தடவிக்கிட்டே நடந்தப்ப எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் அதை வேடிக்கை பார்த்து விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தது.

"அது எத்தனை கிளையா விழுது?" என்று கேட்டாள்.

"மூணு. நடுவுல உள்ளது பெருசு. இடப்பக்கம் பாறைல பட்டுச் சிதறுது. ஏன்?"

"எனக்கு வெள்ளையா ஒரே சுவர் மாதிரி இருக்கு."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சாரல்னு சொல்லாதீங்க. வீட்லயும் அப்படித்தான். ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. ஊசிப் பெட்டிய மாத்தி வைக்காம, தடவித் தடவிச் சமாளிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சா மெஷினை மூடச் சொல்லிடுவீங்கன்னு மறைச்சேன்." நாலு நாளாக அவரைப் பிடிக்கக் கண்ணி வைத்துக்கொண்டிருந்தவள், அந்த வீட்டில் முதலில் மறைத்தது யார் என்பதைச் சொல்லி முடித்தாள்.

காவலாளி விசில் அடித்தார். பெண்கள் பக்கம் நேரம் முடிந்துவிட்டதாம். மயக்க டாக்டர் மேல்படியில் நின்று வேன் கிளம்புகிறது என்று கையை ஆட்டினார். கணவர் முழங்கையை நீட்டினார். அவள் இந்தத் தடவை தானாகவே பிடித்துக்கொண்டாள்.

பத்துப் படி ஏறியதும் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?"