வெஸ்ரிங்ஹவுஸ் இப்ப ஆரிட்டை?

ரொறொன்ரோவின் மல்வேர்ன் முதியோர் சங்கத்தின் புதன்கிழமைப் பொது அறிவுப் போட்டியில் யோகமலர் ரீச்சர் சொன்னால் சொன்னதுதான். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் படிப்பித்த மனுசி. ஒரு பிள்ளையின் சரியான விடைக்குக்கூடப் பிழை போட்டதில்லை என்று அவருக்குக் கொஞ்சநஞ்சப் பெருமையல்ல.

அன்றைக்கு அவர் கேட்ட கடைசிக் கேள்வி இது: அணுமின் நிலையங்களுக்குப் பேர்போன அமெரிக்காவின் வெஸ்ரிங்ஹவுஸ் கொம்பனி இப்போது எந்த நாட்டுக்காரரின் கையில் இருக்கிறது?

ஏகாம்பரம் துள்ளி எழும்பினார். "வேறை ஆர், நாங்கள்தான்! கனடா. இஞ்சை ரொறொன்ரோ டவுன்ரவுணிலை இருக்கிற ஆக்கள்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. பார்க்கிங் லொட்டில் இருபது வருடம் ரிக்கற் கொடுத்து ஓய்ந்த மனிதர் அவர். வாயைத் திறந்தால் அளப்புத்தான் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருந்தது. "அண்ணை, சி.என். ரவரும் உங்கடை பேரிலையோ?" என்று பக்கத்துக் கதிரையில் இருந்த நவரட்ணம் கேட்டார். யோகமலருக்கும் அடக்க முடியவில்லை. கையில் மைக் இருப்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"பிழை. ஜப்பான்" என்று தன் பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து அறிவித்தார். ஏகாம்பரம் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த புதன் ஆள் இல்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. தேத்தண்ணி இடைவேளையில் தன்னோடு வாய்த்தர்க்கம் பண்ண அந்த மனிதர் இல்லாதது யோகமலருக்குச் சப்பென்று இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவேண்டுமே!

"கோபமாம்" என்றார் நவரட்ணம்.

"பிழையாச் சொன்னவருக்குக் கோபம் வேறையோ? ஆதாரத்தைக் கொண்டுபோய் நீட்டுறன், பாருங்கோ."

அடுத்த நாள் காலையே நூலகத்துக்குப் போய்க் கணினிக்கு முன்னால் குந்தினார். ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தார். எங்கே! கதை அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. ரயிலுக்குக் காற்றுப் பிரேக் கண்டுபிடித்த ஒருவர் 1886இல் பிற்ஸ்பேர்க்கில் மின்சாரக் கொம்பனி தொடங்குகிறார். எந்த மின்சாரம் நல்லது என்று எடிசனோடு மல்லுக்கட்டுகிறார். நயாகராத் தண்ணீர் அவருடைய இயந்திரங்களைச் சுழற்றுகிறது. பிறகு ரேடியோ, பிரிட்ஜ், லிஃப்ற், அணு உலை. "அடேயப்பா, இவங்கள் கைவைக்காத சாமானே இல்லையோ!" என்று ரீச்சர் வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. கொம்பனி ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்கி, கடைசியில் தன் பெயரையே விட்டுவிட்டு அதன் பெயரை வைத்துக்கொண்டது. மற்றப் பகுதிகள் ஒவ்வொன்றாய் விலைபோயின. அணு உலைப் பகுதி முதலில் பிரித்தானியாவுக்குப் போனது, பிறகு ஜப்பானுக்கு. "பாத்தியளோ!" என்று ரீச்சர் நிமிர்ந்தார். அடுத்த வரியில் 2018 என்று இருந்தது. வாங்கியவர்கள் புரூக்பீல்ட் என்ற கொம்பனி, ரொறொன்ரோ டவுன்ரவுண் பே வீதிக்காரர்.

யோகமலர் மூன்று தரம் வாசித்தார். பைக்குள் இருந்த பொது அறிவுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். 2009ஆம் ஆண்டுப் பதிப்பு. கணினியில் இருந்ததைக் கடதாசியில் அச்செடுத்தார்.

நூலகத்தில் இருந்து நேரே பஸ் ஏறி ஏகாம்பரத்தின் அப்பார்ட்மென்ற் கதவைத் தட்டினார். அவர் திறந்ததும் கடதாசியை நீட்டினார்.

"அண்ணை, உங்கடை விடை சரி. அம்பத்தொரு வீதம் ரொறொன்ரோக்காரர். மிச்சம் இப்ப சஸ்கச்சுவான் மாகாணத்து யுரேனியக் கொம்பனி. ரெண்டும் கனடாதான். நான் கேட்டது நாடு. நூற்றுக்கு நூறு."

ஏகாம்பரம் கடதாசியைத் தொடவில்லை. "சரியெண்டு எனக்குத் தெரியும், ரீச்சர்."

"பிறகேன் வரேல்லை?"

"மற்றவை சிரிக்கிறது எனக்குப் பழகிப்போச்சு. நீங்களும் சிரிச்சியள்."

புத்தகம் பழசு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். யோகமலருக்கு மனம் வரவில்லை. "விடை எனக்கும் தெரியாது, அண்ணை. புத்தகத்திலை இருந்ததை வாசிச்சனான், அவ்வளவுதான். நீங்கள் சொன்னதுக்கு ஏனெண்டு கேட்டிருக்க வேணும். கேக்காமல் சிரிச்சிட்டன். அது என்ரை பிழை."

அவர் கதவை அகலத் திறந்தார். "உள்ளுக்கு வாங்கோ."

உள்ளே வந்தும் யோகமலருக்குக் கேள்வி அடங்கவில்லை. "உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?"

ஏகாம்பரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "கனடாவுக்கு வந்து இருபத்தாறு வருசம். ஒருத்தரும் என்னை இப்பிடிக் கேட்டதில்லை." அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். "நான் இலங்கை மின்சார சபையிலை எஞ்சினியரா இருந்தனான், ரீச்சர்."

யோகமலர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்த மின்நிலையம்?" என்று கேட்டார்.