கர்த்தருக்கு முதலிடம்

நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு ஆறு வாரம்தான் ஆகிறது. அதற்குள் குழித்துறைப் பக்கத்திலுள்ள எங்கள் சபைக் கமிட்டி என்னைப் பிடித்துக்கொண்டது. வேதாகமத்துச் சொற்கள் பன்னிரண்டாயிரத்தையும் ஏற்ற வேண்டுமாம். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது வரும் வசனங்களைக் காட்ட வேண்டுமாம்.

எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கினேன். அகராதியை நடுவில் திறந்து, நமக்கு வேண்டியது முன்பாதியா பின்பாதியா என்று பார்த்து, மற்ற பாதியைத் தள்ளிக்கொண்டே போவோம் இல்லையா? என் புரோகிராமும் அப்படித்தான் தேடும்.

செயலாளர் சுந்தரராஜ் பட்டியலைப் பார்த்ததும் கொதித்தார். "ஏட்டி ஜாஸ்மி, கர்த்தருக்கு முன்னால அகந்தை நிக்குது! கர்த்தர தூக்கி முதல்ல போடு."

கமிட்டியில் எப்போதும் அந்த வரிசைதானே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "இடம் மாத்துனா தேடும்போ கிடைக்காது மாமா, புரோகிராம் 'க' வரிசையிலதான் போய்ப் பாக்கும்" என்றேன்.

"கர்த்தரத் தேடுனா கிடைக்க மாட்டாரா? ஆருகிட்ட பேசுதா நீ?"

மாற்றிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறப்பு விழா. செயலாளருக்குப் பொன்னாடை, எனக்கு ஒரு ஜெபம். அவரே பெரிய திரைக்கு முன்னால் நின்று 'கர்த்தர்' என்று அடித்தார்.

'அப்படி ஒரு சொல் இல்லை' என்றது திரை.

மொத்தச் சபையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. செயலாளர் முகம் சிவந்து, அடுத்து 'சாத்தான்' என்று அடித்தார். கண்ணிமைப்பதற்குள் அத்தனை வசனங்களும் வந்து நின்றன.

அவனை இடம் மாற்றச் சொல்லிக் கமிட்டி கேட்கவில்லையே.